இதயத்துக்கு ஒரு சென்டிமீட்டர் பக்கத்தில்

அலெக்ஸ் மெக்நைட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டீவ் ஹாமில்டன் எழுதிய கொலை மர்மத் தொடரின் நாயகன். முதல் நாவல் 1998-இல் வந்தது, பதினொன்றாவது 2018-இல். டெட்ராய்ட் போலீஸில் எட்டு வருடம் வேலை பார்த்தவன். உடம்பில் மூன்று குண்டு பாய்ந்தது, இரண்டை எடுத்துவிட்டார்கள், மூன்றாவதை எடுக்கப்போனால் உயிருக்கு ஆபத்து என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இதயத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத தூரத்தில் அது இன்னும் கிடக்கிறது. மிஷிகன் மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில், பாரடைஸ் என்ற சின்ன ஊரில், அப்பா கட்டிவைத்துவிட்டுப் போன மரவீடுகளை வேட்டைக்கு வருகிறவர்களுக்கும் பனிவண்டி ஓட்ட வருகிறவர்களுக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டு ஒண்டியாக இருக்கிறான். அந்த வீடுகளை விற்றுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தான். போகவில்லை.

முதல் புத்தகம் 'எ கோல்ட் டே இன் பாரடைஸ்' என் கைக்கு வந்தது என் முதல் மிஷிகன் குளிர்காலத்தில். டெட்ராய்ட் பக்கத்துப் புறநகர் ஒன்றில் வேலை. மனைவிக்கு விசா வராமல் திருச்சியிலேயே இருந்தாள். எங்கள் ஊர் நூலகத்தில் பழைய புத்தகங்களை ஒரு டாலருக்குப் போடும் அலமாரி ஒன்று வாசலிலேயே இருக்கும், அதில் கிடந்தது. அட்டையைப் பார்த்து எடுத்தேன், பாரடைஸ் நான் இருக்கும் மாநிலத்திலேயே உள்ள நிஜமான ஊர் என்றுகூட அப்போது தெரியாது. அன்றைக்கு வெளியே மைனஸ் பதினெட்டு. சாதம் வைத்துவிட்டு முதல் பக்கத்தைத் திறந்தேன். நெஞ்சில் இருக்கும் அந்தக் குண்டைப் பற்றித்தான் ஆரம்பமே. இருட்டும் காற்றுமாக இருக்கிற சில ராத்திரிகளில், இத்தனை வருடம் உடம்புச் சூட்டில் கிடந்தும் அந்தக் குண்டு குளிர்ந்துபோவதாகச் சொல்கிறான். எனக்கு ஜன்னல் பக்கம் பார்க்கவே தோன்றவில்லை. சாதம் ஆறிப்போய், ராத்திரி ஒரு மணிக்குத் தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

காயம்பட்ட முன்னாள் போலீஸ்காரன், ஊரை விட்டு ஒதுங்கி வாழ்கிறான், ஒரு கொலை நடக்கிறது, திரும்ப வருகிறான். இந்தச் சட்டகத்தில் எத்தனை கதை வேண்டுமானாலும் கிடைக்கும். பெரும்பாலும் அந்தத் தழும்பு ஒரு பதக்கம் மாதிரி இருக்கும், இவன் எவ்வளவு பெரிய வீரன் என்று நமக்குக் காட்டுவதற்காக. அலெக்ஸின் தழும்பு அப்படி இல்லை. அது அவன் செய்யத் தவறியதன் தடம். எனக்கு இந்தத் தொடர் மேல் இருக்கிற பிடிப்புக்கு முதல் காரணம் அதுதான்.

1984-இல் நடந்தது. அலெக்ஸும் அவனுடைய ரோந்துக் கூட்டாளி ஃபிராங்க்ளினும் ஒரு ஆளை விசாரிக்கப் போகிறார்கள். மேக்சிமிலியன் ரோஸ் என்று பெயர், மனநிலை பிறழ்ந்தவன், மருத்துவமனையில் தொந்தரவு செய்கிறான் என்று புகார். அவன் குடியிருக்கும் அறைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறது. சமையலறையில் சப்பாத்தி சுற்றி வைப்போமே அதே தாள். உட்கார்ந்து பேசுகிறார்கள். அலெக்ஸ் பேச்சிலேயே சமாளித்துவிடலாம் என்று பார்க்கிறான். ரோஸ் ஒரு உஜி துப்பாக்கியை எடுக்கிறான். தன் துப்பாக்கியை உருவ வேண்டிய அந்த ஒரு கணத்தில் அலெக்ஸுக்குக் கை வரவில்லை. உறைந்துபோகிறான். ஃபிராங்க்ளின் செத்துப்போகிறார்.

இந்தக் காட்சியை ஹாமில்டன் ரொம்ப நீட்டவில்லை. ஆனால் அலுமினியத் தாளை வைத்த இடம் இருக்கிறதே, அதற்குப் பிறகு எனக்கு அதை வீட்டில் கிழிக்கும்போதெல்லாம் அந்த அறை ஞாபகம் வரும். சாதாரணப் பொருள் ஒன்றைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டால் போதும், பயம் தானாக வந்துவிடும். ரத்தத்தைப் பக்கம் பக்கமாக விவரிக்கத் தேவையே இல்லை.

அப்புறம் கதை நடப்பது பதினான்கு வருடம் கழித்து. ரோஸ் ஆயுள் தண்டனையில் சிறையில் இருக்கிறான். இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். மிஷிகன், கொலைக்கு மரண தண்டனை கிடையாது என்று சட்டம் போட்ட மாநிலம், அந்தச் சட்டம் 1847-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதனால் ரோஸ் உயிரோடுதான் இருக்கிறான், பரோல் கிடையாது, வெளியே வரவும் முடியாது. ஆனால் பாரடைஸ் பக்கம் வரிசையாகக் கொலை நடக்கிறது, அலெக்ஸின் கதவருகே கடிதம் வருகிறது, சிவப்பு ரோஜாப்பூ வருகிறது. கடிதத்தில் அந்த அறையில் நடந்ததெல்லாம் இருக்கிறது. அந்த அறையில் இருந்தது மூன்றே பேர். ஒருவர் இறந்துவிட்டார், ஒருவன் சிறையில், மூன்றாவது அலெக்ஸ். இதற்கு மேல் சொன்னால் படிக்கப்போகிறவர்களுக்கு நான் செய்யும் துரோகம், நிறுத்திக்கொள்கிறேன். இந்த நாவலுக்கு 1999-இல் மர்ம எழுத்துக்கான எட்கர் விருதும் ஷேமஸ் விருதும் கிடைத்தன, இரண்டுமே சிறந்த முதல் நாவலுக்கானவை. ஹாமில்டன் அப்போது ஐபிஎம்மில் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியில் எழுதிக்கொண்டிருந்தவர். அலுவலகம் முடிந்து வந்து எழுத உட்காரும் எல்லோருக்காகவும் இதைச் சொல்கிறேன்.

சரி, ஒதுங்கி வாழ்கிறவன் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

அலெக்ஸுக்குத் தனிமை பிடித்திருக்கிறதா என்று கேட்டால், பிடித்திருக்கிறது என்றுதான் அவன் சொல்வான். விறகு வெட்டுவான். தடம் மூடாமல் பனியைத் தள்ளுவான், அவனுடைய டிரக்கின் முன்னால் பனி தள்ளும் பலகை மாட்டியிருக்கும். சாயங்காலமானால் கிளாஸ்கோ இன் என்கிற மதுக்கடை ஒன்றுதான் இடம். அங்கே கணப்பு எரியும், கடைக்காரர் ஜாக்கி ஏதாவது சமைத்துத் தருவார், அலெக்ஸோ கனடாவில் புட்டியில் அடைத்த பீர்தான் வேண்டும் என்பான், அமெரிக்காவில் அடைத்ததைத் தொடமாட்டான், ஜாக்கி இதற்காகவே கனடா எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய் வாங்கி வந்து வைப்பார். ஒரு மனிதனுக்குப் பிடித்த பீரை இன்னொரு மனிதர் நாடு தாண்டிப் போய் வாங்கி வருகிறார், ஆனால் இரண்டு பேரும் பார்த்தால் திட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள். அன்பாக ஒரு வார்த்தை பேசிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. எங்கள் பெரியப்பாவும் அவருடைய சினேகிதர் ஒருவரும் இப்படித்தான் இருந்தார்கள், அதனால் எனக்கு அந்தக் காட்சிகள் எல்லாமே உடனே புரிந்தன.

ஒவ்வொரு புத்தகத்திலும் யாரோ ஒருவர் கதவைத் தட்டுவார். இரண்டாவது புத்தகத்தில் டோரதி என்ற பெண், ஒஜிப்வே என்கிற அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவள், பனி கொட்டும் ராத்திரியில் அடைக்கலம் கேட்பாள். அலெக்ஸ் ஒரு மரவீட்டைத் திறந்துவிடுவான், விடிந்ததும் போலீஸிடம் போகலாம் என்பான், விடிந்து பார்த்தால் அவள் இல்லை. மூன்றாவதில் சின்ன வயசு பேஸ்பால் சினேகிதன் ராண்டி, 1971-இல் பார்த்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துக் கொடு என்று வந்து நிற்பான். அலெக்ஸ் போலீஸ் ஆவதற்கு முன்னால் சின்ன லீக்குகளில் கேட்சராக விளையாடியவன், பெரிய லீக்குக்கு ஒருநாள்கூட அழைப்பு வராதவன். எட்டாவது புத்தகம் 'மிசரி பே'. அதில் வருவது ராய் மேவன், சூ செயின்ட் மேரி நகரத்தின் போலீஸ் தலைவர், அலெக்ஸைக் கண்டாலே ஆகாதவர். அவர் கிளாஸ்கோ இன்னுக்குள் வந்து உதவி கேட்கிற இடத்தில் நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். ஏழு புத்தகமாக எரிந்து விழுந்த மனிதர். அவருக்கு வேறு யாரிடமும் போக இடம் இல்லை.

இந்தத் தொடரைச் சிலர் 'எல்லாப் புத்தகத்திலும் இவன் ஏன் அடுத்தவன் வம்பில் போய் மாட்டிக்கொள்கிறான், அடி வாங்குகிறான்' என்று குறை சொல்வார்கள். உண்மைதான், அடி அதிகம்தான் வாங்குகிறான், சில புத்தகங்களில் இந்த வயசில் இந்த உடம்பு இதைத் தாங்காது என்று எனக்கே தோன்றியிருக்கிறது. ஆனால் அவன் ஏன் மாட்டேன் என்று சொல்வதில்லை என்பது எனக்குக் கேள்வியாகவே இருந்ததில்லை. ஒரு தடவை ஒரு அறையில் கை வரவில்லை. அதற்கு அப்புறம் யார் வந்து கேட்டாலும் அவனால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. மலையேறிப் போய் உட்கார்ந்தாலும் அது விடாது. ஹாமில்டன் இதை எங்கேயும் விளக்கிச் சொல்வதில்லை, அந்தக் குண்டைப் பற்றிப் புத்தகத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் பேசுவார், அதுவும் குளிர் அடிக்கும்போது. மிச்சத்தை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது புத்தகம் 'நார்த் ஆஃப் நோவேர்'. அலெக்ஸுக்கு நாற்பத்தொன்பது வயசு ஆகப்போகிறது, யாரையும் பார்க்காமல் சாமியார் மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறான், ஜாக்கி அவனை வலுக்கட்டாயமாக ஒரு பணக்காரர் வீட்டுச் சீட்டாட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார். அங்கே முகமூடிக்காரர்கள் புகுந்து கொள்ளையடிக்க, கதை கிளம்பிவிடுகிறது. ஆனால் எனக்குப் பிடித்தது கொள்ளைக்கு முந்திய பக்கங்கள். அந்த முதல் குளிர்காலத்தில் நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகியிருந்தேன். வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றதும் வெளியே போவதையே நிறுத்திவிட்டேன். ஒரு சனிக்கிழமை மேல்வீட்டு அண்ணன் கதவைத் தட்டினார். தஞ்சாவூர்க்காரர், அதுவரை மாடிப்படியில் சிரித்துக்கொண்டதோடு சரி.

"தம்பி, ஆள் இருக்கீங்களா இல்லையா? மூணு நாளா கார் நகரவே இல்லை, மேல கிடக்கிற பனியக்கூடத் தட்டலையே."

"இருக்கேண்ணே. லேசா காய்ச்சல்."

"கேட்டா சொல்றதில்லையா? இந்தாங்க, மிளகு ரசம், சூடா இருக்கு. குடிச்சிட்டுப் படுங்க. அடுத்த வாரம் வாலிபால் ஆட வர்றீங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

பிளாஸ்க்கைத் திருப்பித் தரப் போனபோது அவர் வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜாக்கியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அண்ணன் குரல்தான் கேட்கும்.

தொடரிலேயே சிறந்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் ஐந்தாவது புத்தகத்தைச் சொல்வேன், 'பிளட் இஸ் தி ஸ்கை', 2003-இல் வந்தது. வின்னி லெப்ளாங் என்று அலெக்ஸுக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரன். பே மில்ஸ் ஒஜிப்வே சமூகத்தைச் சேர்ந்தவன், அவர்களுடைய சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடும் வேலை, ஆனால் சமூகத்தின் நிலத்தில் இல்லாமல் வெளியே வந்து தனியாக வீடு வைத்திருக்கிறான். அவனும் ஒருவிதத்தில் ஒதுங்கியவன்தான். புத்தகம் ஆரம்பிக்கும்போது அப்பா கட்டிய மரவீடுகளில் ஒன்று எரிந்துபோயிருக்கிறது, அலெக்ஸ் அதைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறான். மரம் மரமாக, கையால். இந்த வேலை சாமானியப்பட்டது இல்லை. ஒரு மரத்தின் மேல் இன்னொன்று இடைவெளி விடாமல் உட்கார வேண்டும் என்றால், கீழே கிடக்கும் மரத்தின் மேடு பள்ளம் அத்தனையையும் அளவுக் கருவியால் மேலே வரப்போகும் மரத்தில் கோடாக வரைந்துகொண்டு, அந்தக் கோட்டோடு அடிப்பக்கத்தைக் குடைந்து செதுக்க வேண்டும். ஒரு நூல் தப்பினாலும் காற்று புகும், அந்த ஊர்க் குளிருக்கு அது போதும். வின்னி வந்து கூட நின்று வேலை பார்க்கிறான். பேச்சு கம்மி. இரண்டு ஆண்கள் ஒரு மரத்தின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு தூக்குவதை இவ்வளவு நேரம் படிக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. அப்புறம்தான் வின்னியின் தம்பி டாம் விவரம் வருகிறது. வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியாகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து வடக்குக் காட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. வின்னி கேட்பதற்கு முன்பே அலெக்ஸ் கிளம்பிவிடுவான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. முதல் புத்தகத்தில் அலெக்ஸோடு உறவில் இருக்கும் சில்வியா எனக்குக் கண்ணில் நிற்கவே இல்லை, கதைக்குத் தேவைப்பட்ட இடத்தில் வந்து போகிறாள். நாட்டலி என்ற கனடா போலீஸ்காரி வந்த பிறகுதான் ஒரு பெண் பாத்திரம் முழுசாக மூச்சு விடுகிறது, அவளுக்கும் தனக்கென்று காயங்கள் உண்டு, அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நெருங்கத் தயங்கும் பக்கங்கள் நிஜமாக இருக்கின்றன. 2006-இல் வந்த ஏழாவது புத்தகத்துக்கு அப்புறம் அடுத்த அலெக்ஸ் கதைக்கு ஐந்து வருடம் ஆயிற்று. ஏழாவதைப் படித்து முடித்தவர்களுக்கு அந்த இடைவெளி ஏன் தேவைப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியாக வந்த 'டெட் மேன் ரன்னிங்' எனக்கு ஒட்டவில்லை. அரிசோனாவில் பிடிபட்ட தொடர் கொலைகாரன் ஒருவன், அலெக்ஸ் மெக்நைட் வந்தால்தான் வாய் திறப்பேன் என்கிறான், விறுவிறுப்பு இருக்கிறது, ஆனால் பாலைவன வெயிலில் அலெக்ஸைப் பார்க்க மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

அதற்கு முந்தியது, 'லெட் இட் பர்ன்', எனக்குச் சொந்த விஷயம் மாதிரி. அலெக்ஸ் தன் பழைய வழக்கு ஒன்றுக்காக டெட்ராய்ட்டுக்குத் திரும்புகிறான். அவன் பிடித்துக் கொடுத்த பையன் தண்டனை முடிந்து வெளியே வரப்போகிறான், உண்மையில் அவன்தான் செய்தானா என்று இத்தனை வருடம் கழித்து ஒரு சந்தேகம். வந்தது 2013-இல், டெட்ராய்ட் நகரம் திவால் மனு போட்ட அதே வருடம். 1950-இல் பதினெட்டு லட்சத்துக்கு மேல் ஜனம் இருந்த ஊர், 2010 கணக்கெடுப்பில் ஏழு லட்சத்துச் சொச்சம். நான் வந்த புதிதில் ஒரு நாள் வழி தப்பி உள்ளே போய்விட்டேன், தெரு முழுக்கப் புல், நடுவில் ஒரே ஒரு வீடு, அதன் திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்து கையை ஆட்டினார். அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் அந்தத் தெருவில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கு யோசிக்கத் தெரிந்தது. அலெக்ஸ் ஊரை விட்டு ஓடியதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். ஊரே ஆளாளுக்குக் கிளம்பிப் போய்விட்டிருக்கிறது.

போன அக்டோபர் முதல் வாரம் ஒருவழியாகப் பாரடைஸுக்குப் போய் வந்தோம். மனைவி, மகள், நான். எங்கள் வீட்டிலிருந்து நிறுத்தி நிறுத்திப் போனால் ஆறு ஏழு மணி நேரம். வழியில் மாக்கினா பாலம், 1957-இல் திறந்தது, ஐந்து மைல் நீளம். உள்பக்கத் தடத்தில் தரைக்குப் பதில் இரும்புக் கம்பி வலைதான், டயர் அதன் மேல் ஏறியதும் வண்டியே ரீங்காரம் போட ஆரம்பித்தது, கீழே தண்ணீர் தெரிகிறது என்று மகள் கத்தினாள். நான் கண்ணை எடுக்காமல் ஓட்டினேன். பாலத்தைத் தாண்டியதும் மரம், மரம், அப்புறம் மரம். மேப்பிள் எல்லாம் குங்குமமாக நின்றது. டக்வாமெனன் அருவிக்குப் போனோம், தண்ணீர் அப்படியே காபி டிகாக்‌ஷன் நிறம். மேலே சதுப்புக் காட்டு மரங்களிலிருந்து இறங்கும் சாயம் அது.

அங்கிருந்து ஒயிட்ஃபிஷ் முனை. கப்பல் விபத்து அருங்காட்சியகம் இருக்கிறது. 1975 நவம்பர் 10-ஆம் தேதி புயலில் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஜெரால்ட் சரக்குக் கப்பலின் மணியை 1995-இல் மேலே எடுத்து இங்கே வைத்திருக்கிறார்கள். இருபத்தொன்பது பேர், ஒருவர்கூடத் தப்பவில்லை. இறந்தவர்கள் பெயர் பொறித்த வேறொரு மணியைக் கீழே கப்பலில் வைத்துவிட்டு இதை எடுத்து வந்தார்களாம். மகள் அந்த மணியைத் தொடலாமா என்று கேட்டாள், கூடாது என்று சொன்னேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். வெளியே வந்தால் காற்று ஆளைத் தள்ளியது. ஏரி என்று சொல்லவே வாய் வரவில்லை, எதிர்க்கரை தெரியாது, அலை மெரினா அலை மாதிரி வந்து அடிக்கிறது, உப்பு வாசனை மட்டும் இல்லை. இருட்டும் காற்றும் வந்தால் நெஞ்சில் குண்டு குளிரும் என்று அவன் சொன்னது இந்தக் காற்றைத்தான் என்று அங்கே நின்றபோது பட்டது. ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட் போட்டிருந்தேன், போதவில்லை.

பாரடைஸ் ஊர் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கிளாஸ்கோ இன் கற்பனை என்று தெரியும், இருந்தும் ரோட்டோரம் இருந்த ஒவ்வொரு கட்டிடமாகப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினேன். ஊரைத் தாண்டி ஒரு இடத்தில் காட்டுக்குள் மண்பாதை ஒன்று பிரிந்தது, பழைய மரம் வெட்டும் பாதை. வண்டியை ஓரம் கட்டினேன்.

"என்னங்க, இதுதானா?" என்றாள் மனைவி. இந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை, என் வாயால் கேட்டதுதான்.

"இல்லை. அப்படி ஒரு பாதை கதையில்தான்."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, கொஞ்சம் உள்ளே போய்த்தான் பாருங்களேன்."

அரை மைல் போனோம். பாதை குறுகிக்கொண்டே போயிற்று, இரண்டு பக்கமும் கிளை கண்ணாடியைத் தடவியது. ஒரு திருப்பத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய விறகு அடுக்கு, ஆள் உயரத்துக்கு, வெட்டின முகமெல்லாம் ஒரே சீராக வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. குளிர்காலத்துக்கு யாரோ தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். வீடு கண்ணில் படவில்லை, விறகுப் புகை வாசனை மட்டும் வந்தது. வண்டியைத் திருப்ப இடம் இல்லாமல், அரை மைலும் ரிவர்ஸிலேயே வந்தேன்.